கணினி வரைந்த கோட்டை நம்பலாமா? ஆற்று நீரோடு ஒரு வரைபடப் பாடம்



கோல சிலாங்கூர் வட்டாரத்தில் வசிப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. ஒரு நாள் மாலை 7 மணிக்குப் பாசிர் பெனாம்பாங் படகுத்துறையில் நின்று பார்த்தால், சிலாங்கூர் ஆறு கரை நிறைய இருக்கும். ஒரு வாரம் கழித்து அதே 7 மணிக்குப் போனால் தண்ணீர் இறங்கிச் சேறு தெரியும். இன்னொரு வாரம் கழித்துப் போனால் ஆறு மீண்டும் நிறைந்திருக்கும்.

அப்படியானால் ஆற்று முகத்துவாரத்தில் நீர் ஏறி இறங்க இரண்டு வாரம் ஆகிறதா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் நடுவில் இதே கேள்வி கணினித் திரையில் நம் முன் வந்து நிற்கப்போகிறது.

நீர் ஏறும் நேரம் இங்கே பலருக்கு முக்கியம். மீன்பிடிப் படகுகள் அதைப் பார்த்தே புறப்படுகின்றன. கடலோரத் தோட்டங்களில் மழைநீர் வாய்க்கால் வழியாக ஓடி மதகை அடைகிறது. கடல் வற்றியிருக்கும்போதுதான் அந்த நீர் வெளியேற முடியும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கனத்த மழை பெய்தால் தண்ணீர் தேங்கிவிடும். எனவே ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று தவறாகக் கணித்தால் அதன் விலையை மக்கள்தாம் கொடுக்க வேண்டியிருக்கும்.

சார்பு என்றால் என்ன?

நேரத்தைச் சொன்னால் அந்த நேரத்தின் நீர்மட்டத்தைச் சொல்லும் விதி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்கு ஒரே ஓர் எண்ணைத் திருப்பித் தரும் விதியைச் சார்பு என்கிறோம். பள்ளியில் நீங்கள் ‘ஃபுங்சி’ என்று படிப்பது இதுதான்.

சார்பைக் கண்ணால் பார்க்க வரைபடம் வேண்டும். வரைபடத் தாளில் நாம் என்ன செய்கிறோம்? முதலில் அட்டவணை போடுகிறோம். ஏழெட்டு மதிப்புகளைக் கணக்கிடுகிறோம். புள்ளிகளைக் குறிக்கிறோம். பிறகு அவற்றை இணைக்கிறோம். கணினியும் இதையேதான் செய்கிறது. ‘கணினிக்கு வளைவு முழுவதும் தெரியும்’ என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் சில புள்ளிகள் மட்டுமே தெரியும். இன்றைய பாடத்தின் சாரம் இந்த ஒரு வரிதான்.

‘ஆர்’ எனும் மென்பொருள்

இந்தப் பாடத்துக்கு ‘ஆர்’ என்ற புள்ளியியல் நிரல்மொழியைப் பயன்படுத்துவோம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார்கள். இருவரின் பெயரும் ஆங்கிலத்தில் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்குவதைக் கவனியுங்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ‘எஸ்’ என்ற மொழி இதற்கு முன்னோடி. 1995ஆம் ஆண்டில் ‘ஆர்’ கட்டற்ற மென்பொருளாக வெளியானது. அதன் 1.0.0 பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் வந்தது.

நமக்கு இதில் இரண்டு வசதிகள் உண்டு. முதலாவது, இது இலவசம். இரண்டாவது, மென்பொருளோடு அதன் உதவிப் பக்கங்களும் சேர்ந்தே கணினியில் இறங்கிவிடும். ஒரு முறை நிறுவிவிட்டால் பிறகு இணையம் இல்லாமலேயே எல்லாக் கட்டளைகளுக்கும் விளக்கம் படிக்கலாம். தோட்டத்து வீட்டில் ‘லைன்’ கிடைக்காத நாளிலும் பாடம் நிற்காது.

கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்துகள் இவை:

கர்வ் – சி, யூ, ஆர், வி, ஈ
சைன் – எஸ், ஐ, என்
கோஸ் – சி, ஓ, எஸ்
டான் – டி, ஏ, என்
பை – பி, ஐ
எக்ஸ், என் – தனி எழுத்துகள்
ஆட் – ஏ, டி, டி
ட்ரூ – டி, ஆர், யூ, ஈ

கடைசிச் சொல்லான ‘ட்ரூ’ மட்டும் பேரெழுத்தில் வர வேண்டும். மற்றவை எல்லாம் சிற்றெழுத்து. ‘சைன்’ கட்டளையின் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டால், அப்படி ஒரு சார்பே இல்லை என்று மென்பொருள் சொல்லிவிடும். இன்னொன்று: பெருக்கல் குறியை விட்டுவிடக் கூடாது. தாளில் 2எக்ஸ் என்று எழுதுவோம். இங்கே 2*எக்ஸ் என்றுதான் எழுத வேண்டும். அடைப்புக்குறியை மூட மறந்தால், அடுத்த வரியில் கூட்டல் குறி தோன்றும். ‘இன்னும் முடியவில்லை, தொடருங்கள்’ என்பது அதன் பொருள். விடுபட்ட அடைப்பைப் போட்டால் வேலை நடக்கும்.

முதல் முயற்சி, முதல் ஏமாற்றம்

சைன் வளைவிலிருந்து தொடங்குவோம். படிவம் 5 கணிதத்தில் நீங்கள் பார்க்கும் அதே அலை.

கர்வ்(சைன்(எக்ஸ்))

இதை அடித்தால் அலை வராது. கொஞ்சம் வளைந்த ஒரு கோடு மட்டும் வரும். கிடைமட்ட அச்சைப் பாருங்கள்: 0 முதல் 1 வரைதான் இருக்கிறது. எங்கிருந்து எதுவரை வரைய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அதனால் மென்பொருள் தானாகவே 0, 1 என்று எடுத்துக்கொண்டது.

சரி, எல்லையைச் சொல்லிவிடுவோம். சைன் அலை 0 பாகை முதல் 360 பாகை வரை ஒரு சுற்று என்று படித்திருக்கிறோம். ஆகவே:

கர்வ்(சைன்(எக்ஸ்), 0, 360)

இப்போது திரை முழுக்க மேலும் கீழுமாக ரம்பப் பல் போன்ற கோடுகள். அழகான ஒரே ஓர் அலைக்குப் பதிலாக ஒரே குழப்பம். தொடக்கநிலை மாணவர் பலர் இந்த இடத்தில் ‘மென்பொருள் கெட்டுவிட்டது’ என்று மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். இந்த இடத்தில்தான் உதவிப் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

உதவிப் பக்கத்தை வாசிப்பது எப்படி?

கேள்விக்குறி போட்டு, ஒட்டியே கட்டளையின் பெயரை அடியுங்கள்:

?சைன்

ஒரு பக்கம் திறக்கும். அது ஆங்கிலத்தில் இருக்கும். முதல் பார்வையில் மிரட்டும். மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மருந்துப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளை எப்படிப் பார்க்கிறோம்? எதற்கான மருந்து, எத்தனை வேளை, என்ன எச்சரிக்கை என்று தேடிப் பார்ப்போம். அப்படியே இதையும் பாருங்கள்.

உதவிப் பக்கங்கள் எல்லாம் ஒரே அமைப்பில் இருக்கும். முதலில், கட்டளை என்ன செய்யும் என்ற சுருக்கம். அடுத்து, அதை எழுதும் முறை. மூன்றாவதாக, கட்டளைக்கு நாம் கொடுக்க வேண்டிய உள்ளீடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம். பிறகு நுணுக்கமான விவரங்கள். கடைசியில் எடுத்துக்காட்டுகள். தொடக்கநிலையில் இருப்பவர் கடைசியிலிருந்து தொடங்குவது நல்லது. எடுத்துக்காட்டை அப்படியே அடித்துப் பார்த்து, ஓர் எண்ணை மட்டும் மாற்றி, படம் எப்படி மாறுகிறது என்று கவனித்தால் பாதி விளங்கிவிடும்.

சைன் பக்கத்தின் விவரப் பகுதியில் நமக்குத் தேவையான செய்தி இருக்கிறது: கோணங்கள் பாகையில் இல்லை, ரேடியனில் அளக்கப்படுகின்றன. முழுச் சுற்று 360 பாகை; ரேடியனில் அது 2 பை, அதாவது ஏறத்தாழ 6.28. நாம் 360 என்று கொடுத்ததை மென்பொருள் 360 ரேடியன் என்று எடுத்துக்கொண்டது. அது 57 சுற்றுகளுக்கும் மேல்! பாகையை ரேடியனாக மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்:

கர்வ்(சைன்(எக்ஸ்*பை/180), 0, 360)

இதோ, புத்தகத்தில் இருக்கும் அதே அலை.

ஆனால் ஒரு சிறு சந்தேகம் மிச்சமிருக்கிறது. 360 ரேடியனில் 57 அலைகள் இருந்தால், 57 அழகான அலைகள் நெருக்கமாகத் தெரிந்திருக்க வேண்டாமா? ஏன் ரம்பப் பல்லாகத் தெரிந்தது? அதற்கு விடை இன்னொரு உதவிப் பக்கத்தில் இருக்கிறது. அதைத் திறப்பதற்குமுன் ஆற்றுக்குப் போவோம்.

ஆற்று நீரின் சார்பு

நிலவின் ஈர்ப்பினால் கடல்நீர் ஏறி இறங்குகிறது. பூமி சுழலும்போதே நிலவும் நகர்ந்துகொண்டிருப்பதால், ஓரிடத்தின் உச்சிக்கு நிலவு மீண்டும் வர ஏறத்தாழ 24 மணி 50 நிமிடம் ஆகிறது. அந்த நேரத்தில் மலாக்கா நீரிணைக் கரையில் இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் நிகழ்கின்றன. ஆகவே ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம், அதாவது 12.42 மணி.

ஏறி இறங்கி, மறுபடி ஏறும் எதற்கும் கோஸ் அலை ஒரு நல்ல முதல் மாதிரி. நேரம் 0 மணியில் நீர் உச்சத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி மட்டத்திலிருந்து மேலே 1.5 மீட்டர், கீழே 1.5 மீட்டர் என்று பயிற்சிக்காக ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாள், அதாவது 48 மணி நேரத்துக்கு வரைவோம்:

கர்வ்(1.5*கோஸ்(2*பை*எக்ஸ்/12.42), 0, 48)

நல்ல அலை வரும். 0, 12.42, 24.84, 37.26 ஆகிய நேரங்களில் உச்சம். முதல் நாள் நள்ளிரவில் ஏற்றம் என்றால், மறுநாள் அதற்கு இணையான ஏற்றம் நள்ளிரவு கடந்து 50 நிமிடத்தில் வருகிறது. படகுக்காரர்கள் சொல்வதும் இதையேதான்: ஒவ்வொரு நாளும் நேரம் தள்ளிப் போகும்.

ஏமாற்றும் படம்

இந்த மாதிரியை முதன்முதலில் வரைந்தபோது எனக்கு ஆசை பெருகியது. இரண்டு நாள் எதற்கு, நூறு நாள் வரைந்து பார்ப்போமே என்று நினைத்தேன். நூறு நாள் என்றால் 2400 மணி.

கர்வ்(1.5*கோஸ்(2*பை*எக்ஸ்/12.42), 0, 2400)

2400ஐ 12.42ஆல் வகுத்தால் 193 வரும். ஆகவே 193 அலைகள் நெருக்கியடித்து நிற்கும் என்று எதிர்பார்த்தேன். வந்ததோ ஏழு உச்சிகள் கொண்ட, மெதுவாக ஏறி இறங்கும் சாந்தமான அலை. ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையில் ஏறத்தாழ 355 மணி, அதாவது 15 நாளுக்குச் சற்றுக் குறைவு.

ரம்பப் பல் படத்தைப் பார்த்த உடனே ‘எங்கோ தவறு’ என்று தெரிந்துவிட்டது. இந்தப் படத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. கோடு வழவழப்பாக இருக்கிறது. அச்சுகள் சரியாக இருக்கின்றன. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆற்றைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் இதைப் பார்த்தால், ‘இங்கே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கடல் ஏறும்’ என்று நம்பி எழுதிவிடுவார். அசிங்கமான பிழை நம்மை எச்சரிக்கும். அழகான பிழை எந்தச் சத்தமும் இல்லாமல் கடந்து போய்விடும்.

நூற்றொரு புள்ளிகள்

இப்போது அந்த இன்னொரு பக்கத்தைத் திறப்போம்:

?கர்வ்

எழுதும் முறையைக் காட்டும் பகுதியில், உள்ளீடுகளின் வரிசையில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது: என் = 101. உள்ளீடுகளின் விளக்கத்தில் ‘என்’ என்பது எத்தனை இடங்களில் மதிப்பைக் கணக்கிட வேண்டும் என்பதைக் குறிக்கும் முழு எண் என்று சொல்லப்பட்டிருக்கிறது. விவரப் பகுதி அதை உறுதிப்படுத்துகிறது: தொடக்கம் முதல் முடிவு வரை சம இடைவெளியில் அத்தனை புள்ளிகளில் சார்பு கணக்கிடப்படும்; அந்தப் புள்ளிகள் வரையப்படும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் 101 புள்ளிகள்.

101 புள்ளிகளுக்கு இடையில் 100 இடைவெளிகள். 48 மணிப் படத்தில் ஓர் இடைவெளி 0.48 மணி, அதாவது 29 நிமிடம். ஓர் அலைக்கு 25க்கும் மேற்பட்ட புள்ளிகள் கிடைத்தன. படம் சரியாக வந்தது.

2400 மணிப் படத்தில் ஓர் இடைவெளி எவ்வளவு? சரியாக 24 மணி! கணினி ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு முறை, அதுவும் அதே மணிக்கு, ஆற்றை எட்டிப் பார்த்தது. இடையில் நீர் ஏறி இறங்கியதை அது பார்க்கவே இல்லை. கணினி கண்ட மதிப்புகள் இவை:

தொடக்கம்: 1.50 மீட்டர்
1 நாள் கழித்து: 1.37
2 நாள் கழித்து: 0.99
3 நாள் கழித்து: 0.44
4 நாள் கழித்து: –0.19
7 நாள் கழித்து: –1.48
15 நாள் கழித்து: 1.49

கால்குலேட்டரை ரேடியனுக்கு மாற்றி நீங்களே சரிபார்க்கலாம். ஒவ்வொரு மதிப்பும் சரியானது. புள்ளிகளில் பிழை இல்லை. புள்ளிகளுக்கு நடுவே போட்ட கோட்டில்தான் பிழை.

பாடத்தின் தொடக்கத்தில் மாலை 7 மணிக்குப் படகுத்துறைக்குப் போனவர் நினைவிருக்கிறதா? கணினி வரைந்தது அவருடைய நாட்குறிப்பைத்தான். இன்று நிறைவு, ஒரு வாரத்தில் வற்றம், இரண்டு வாரத்தில் மீண்டும் நிறைவு. அவர் பார்த்தது பொய்யில்லை. ஆனால் ஒரு நாளில் ஒரு முறை பார்த்தவர், ஒரு நாளில் இரண்டு முறை நடப்பதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிவதும் இதே காரணத்தால்தான். கேமரா ஒரு விநாடிக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் படம் எடுக்கிறது. இரண்டு படங்களுக்கு இடையில் சக்கரம் எவ்வளவு சுழன்றது என்பது அதற்குத் தெரியாது. நம் ரம்பப் பல் படமும் அப்படி வந்ததுதான்: 57 அலைகளுக்கு 101 புள்ளிகள் என்றால், ஓர் அலைக்கு இரண்டு புள்ளிகூட இல்லை.

எத்தனை புள்ளி போதும்?

ஓர் அலைக்கு இரண்டு புள்ளிகளுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அமெரிக்கப் பொறியாளர் கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதைத் தெளிவாக நிறுவிக் காட்டினார். கைப்பேசியில் நாம் பேசும் குரலை எண்களாக மாற்றும்போதும் இந்த விதியைப் பின்பற்றியே ஆக வேண்டும். இரண்டு என்பது குறைந்தபட்ச எல்லை. கண்ணுக்கு வளைவாகத் தெரிய வேண்டுமென்றால் ஓர் அலைக்கு 20 புள்ளிகளாவது வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது நாள் வரைய நினைத்தால் 720 மணி. அரை மணிக்கு ஒரு புள்ளி போதும் என்றால் 1440 இடைவெளிகள். அதாவது 1441 புள்ளிகள். கட்டளையின் கடைசியில் என்=1441 என்று சேர்த்தால் போதும். கணினிக்கு இது ஒரு வேலையே இல்லை. ஆனால் அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

நிலவோடு சூரியனும்

இப்போது மாதிரியைக் கொஞ்சம் உண்மைக்கு அருகில் கொண்டுபோவோம். நிலவு மட்டுமல்ல, சூரியனும் கடலை ஈர்க்கிறது. அதன் அலைக்கு 12 மணி. இரண்டையும் கூட்டுவோம். சூரியனின் பங்கு 0.7 மீட்டர் என்று, இதையும் பயிற்சிக்காகவே எடுத்துக்கொள்வோம்:

கர்வ்(1.5*கோஸ்(2*பை*எக்ஸ்/12.42) + 0.7*கோஸ்(2*பை*எக்ஸ்/12), 0, 720, என்=1441)

திரையில் ஓர் அழகான காட்சி. அலைகள் பெருத்து, சிறுத்து, மறுபடி பெருக்கின்றன. தொடக்கத்தில் இரண்டு அலைகளும் ஒன்று சேர்ந்து 2.2 மீட்டர் உயர்கின்றன. ஏழு நாளுக்குச் சற்று மேல் ஆனதும் ஒன்றை ஒன்று எதிர்த்து 0.8 மீட்டராகச் சுருங்குகின்றன. ஏறத்தாழ 14.8 நாளில் மறுபடி ஒன்று சேர்கின்றன.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டு வாரச் சுழற்சி உண்மையானது. சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஒரே வரிசையில் வரும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். ஜெரம் அருகே சசாரான் கடற்கரைக்கு அப்பால் ‘ஸ்கை மிரர்’ என்று சுற்றுப்பயணிகள் தேடிப்போகும் மணல்திட்டு, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்தான் வெளியே தெரிகிறது. அந்த நாள்களில் வற்றம் ஆழமாக இருப்பதே காரணம்.

முந்தைய பொய்ப் படத்திலும் இரண்டு வாரம். இந்த உண்மைப் படத்திலும் இரண்டு வாரம். இது தற்செயல் அன்று. நாள்தோறும் ஒரே மணிக்குப் பார்ப்பது என்றால் சூரியக் கடிகாரத்தின்படி பார்ப்பது. சூரியனுக்கும் நிலவுக்கும் உள்ள கால வித்தியாசமே இரண்டு படங்களிலும் தெரிகிறது. ஆனால் முதல் படம் அன்றாட ஏற்றவற்றத்தையே விழுங்கிவிட்டது. இரண்டாவது படம் இரண்டையும் காட்டுகிறது. விடையில் வரும் எண் ஒத்துப்போவதால் மட்டுமே வரைந்த முறை சரியாகிவிடாது.

கயிறும் கப்பியும் செய்த கணக்கு

கணினி வருவதற்கு முன்பே மனிதர்கள் இந்தக் கூட்டலைச் செய்தார்கள். 1870களில் லார்ட் கெல்வின் என்று பின்னாளில் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன், கடல் ஏற்றத்தை முன்கணிக்கும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். ஒவ்வோர் அலைக்கும் ஒரு கப்பி. எல்லாக் கப்பிகளின் மேலும் ஒரே கயிறு. கைப்பிடியைச் சுற்றினால் ஒவ்வொரு கப்பியும் தன் அலைக்கேற்ப ஏறி இறங்கும். கயிற்றின் முனையில் இருக்கும் எழுதுகோல் மொத்தக் கூட்டலைத் தாளில் வரையும். அந்தப் பத்தாண்டின் முடிவில் இந்தியத் துறைமுகங்களுக்காகவும் இத்தகைய இயந்திரம் ஒன்று இங்கிலாந்தில் கட்டப்பட்டது. அந்த இயந்திரத்தில் எழுதுகோல் தாளைவிட்டு எழாது. இடைவெளி என்ற பேச்சே இல்லை. நம் கணினி புள்ளி புள்ளியாகத் தாவுகிறது. ஆகவே தாவும் தூரத்தைக் கவனிப்பது நம் பொறுப்பு.

நம் நாட்டில் மலேசிய நில அளவை, வரைபடத் துறையான ‘ஜூப்பேம்’ கடல் ஏற்றவற்ற முன்கணிப்பு அட்டவணையை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் இடம்பெறும் நிலையங்களில் கிள்ளான் துறைமுகமும் ஒன்று. அந்த நிலையத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1984 முதல் 1993 வரை அங்கே அளந்த சராசரிக் கடல்மட்டமே தீபகற்ப மலேசியாவின் நில உயரங்களுக்குத் தொடக்கப் புள்ளி. நம் புக்கிட் மெலாவாத்தியின் உயரமும் அங்கிருந்துதான் அளக்கப்படுகிறது.

செய்து பாருங்கள்

1. மேலே இரண்டு அலைகளைக் கூட்டிய கட்டளையில் என்=1441 என்பதை நீக்கிவிட்டு மறுபடி வரையுங்கள். இப்போது ஓர் இடைவெளி எத்தனை மணி? 720 மணியில் ஏறத்தாழ 58 ஏற்றங்கள் இருக்க வேண்டும். படத்தில் எத்தனை தெரிகின்றன?

2. கர்வ்(டான்(எக்ஸ்), –3, 3) என்று வரையுங்கள். 1.57க்கு அருகிலும் –1.57க்கு அருகிலும் செங்குத்தான கோடுகள் வரும். டான் சார்பில் அப்படிக் கோடு உண்டா? அது எப்படி வந்தது என்று இரண்டு வாக்கியங்களில் எழுதுங்கள். குறிப்பு: 1.56, 1.62 ஆகிய இரண்டு புள்ளிகளின் மதிப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

3. முதலில் நிலவின் அலையை மட்டும் 0 முதல் 48 மணி வரை வரையுங்கள். பிறகு சூரியனின் அலைக்கான கட்டளையை எழுதி, அதன் முடிவில் ஆட்=ட்ரூ என்று சேர்த்து, அதே படத்தின் மேல் வரையுங்கள். இரண்டு உச்சிகளும் எப்படி விலகிப் போகின்றன?

4. கிள்ளான் துறைமுகத்துக்கான அட்டவணை கிடைத்தால், ஒரு வாரத்துக்கான ஏற்ற நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த ஏற்றங்களுக்கு இடையிலான நேரத்தைக் கணக்கிட்டுச் சராசரி காணுங்கள். 12.42க்கு எவ்வளவு அருகில் வருகிறது?

5. பெரியவர் ஒருவரின் துணையோடு ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ போக முடிந்தால், ஒரே நாளில் இரண்டு மணிக்கு ஒரு முறை நீர்மட்டத்தைக் கவனியுங்கள். கரையிலிருந்தே, படகுத்துறையின் தூணில் தெரியும் ஈர அடையாளத்தை வைத்துக் குறித்தால் போதும். நீரில் இறங்க வேண்டாம்.

வரைபடம் எது வந்தாலும் அதைப் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கிருந்து எதுவரை வரையப்பட்டது? எத்தனை புள்ளிகள்? இரண்டு புள்ளிகளுக்கு நடுவே என்ன நடந்திருக்கக்கூடும்? முதல் இரண்டுக்கு உதவிப் பக்கம் பதில் சொல்லும். மூன்றாவதற்கு ஆற்றைத்தான் கேட்க வேண்டும்.